தார்தோவுக்கு நான் போட்ட சாட்சிக் கையெழுத்து

மொந்தெவிதேயோ,
ஜூலை 11, வியாழக்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அக்கா எர்சிலியா அவர்களுக்கு,

தம்பி தெயோஃபிலோ பணிவோடு எழுதுவது. தாங்களும் அத்தானும் தக்வாரெம்போவின் இந்த வருடக் குளிரை நல்லபடியாகக் கடந்துகொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் இப்போது மடங்குகிறதா? இங்கே நானும் பூனை மந்திரியும் சுகம். சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக. சரியாகச் சொன்னால் பூனை மட்டும் சுகம்.

இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பின்பக்கத்தில், அத்தான் வெங்காயம் கொட்டி வைத்திருக்கும் அறையைச் சனிக்கிழமைக்குள் ஒழித்துத் தர முடியுமா? வெங்காயத்தை வெளியே எடுக்க இடமில்லை என்றால் பாதி மட்டும் எடுத்தாலும் போதும், நான் மெலிந்தவன். இந்த நகரத்தில் இனி நான் இருக்க இயலாது. அதற்கான காரணங்களை எண் போட்டு வரிசையாக எழுத இரண்டு முறை முயன்றேன். மூன்றாவது காரணத்திலேயே எல்லாக் காரணமும் ஒரே ஆளாக முடிந்துவிட்டது. அந்த ஆளின் பெயர் தார்தோ.

என் வேலை போன செய்தியைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். இருபத்தேழு வருடம் அந்தக் கம்பளிக் கிடங்கின் கடிதப் பிரிவில் உட்கார்ந்து, வெளிநாட்டு வியாபாரிகளுக்கு ஒரு பிழையில்லாமல் கடிதம் எழுதிய எனக்கு, கிடங்கை மூடும் கடிதத்தை மூன்று பிழையோடு கொடுத்தார்கள். அதற்கு முன்பு நான் லத்தீன் சொல்லிக்கொடுத்த வருடங்கள் எந்தப் பதிவிலும் இல்லாததால் ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருடம் குறைகிறது. ஆகவே வேலையிழந்தோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் ஒரு மாதத்துக்குள். வெளியேற்றப்பட்ட முப்பத்தொரு பேரில் தார்தோவும் ஒருவன். தராசுப் பிரிவில் மூட்டை நிறுத்தவன். ஐம்பத்தொன்பது வயது, தலை நிறைய முடி. என் முடி கொட்டியதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. அவன் முடி கொட்டாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. மீசை வேறு. பிளாஸ்க்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கசப்பு இலை ஊறும் மாத்தே பானக் குடுவையைக் கையில் ஏந்தி, அதே கையால் கதவைத் தட்டவும் கைகுலுக்கவும் அவனால் முடியும். நான் அப்படி ஒருமுறை முயன்று வெந்நீரைக் காலில் ஊற்றிக்கொண்டேன். அவன்தான், "வாத்தியாரே, நமக்கு இந்த ஃபாரமெல்லாம் ஒத்து வராது, கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்று கேட்டான். சரி, ஞாயிற்றுக்கிழமை வா என்றேன். அக்கா, வாரத்தில் ஏழு நாள் இருக்கும்போது நான் ஏன் ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னேன்?

இங்கே உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு மேல் மாடியில் சுல்மா என்ற அம்மாள் இருக்கிறார். கணவரை இழந்தவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு வெள்ளை மேலங்கியும் கழுத்தில் கட்டும் நீல வில்நாடாவும் தைத்துக் கொடுக்கிறார். பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் நான்கு மணிக்கு மேலே போவேன், அவர் மாத்தே ஊற்றித் தருவார், ஐந்தரைக்கு இறங்கி வருவேன். பேச்சு நடுவில் நின்றுவிடக்கூடாது என்பதற்காகப் பேச வேண்டியவற்றை ஒரு சிறு அட்டையில் குறித்துக்கொண்டு போவது என் வழக்கம். அட்டையின் கடைசி வரியில் எப்போதும் ஒரே விஷயம்தான் எழுதியிருக்கும். பதினோரு வருடமாக அதற்கு முந்தைய வரியிலேயே ஐந்தரை ஆகிவிடுகிறது.

அன்றைக்கு நான் மேலே இருந்தபோது தார்தோ என் கதவைத் தட்டிப் பார்த்து, பேச்சுச் சத்தம் கேட்டு, படியேறி வந்துவிட்டான். சுல்மா உள்ளே கூப்பிட்டார். அந்த நேரத்தில் நான் வெள்ளாட்டு ரோமத்துக்கும் செம்மறி ரோமத்துக்கும் பண்டைய ரோமானியர் வைத்திருந்த பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் உட்கார்ந்த உடனே, ஒரு கிடா தராசில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்ததையும் முதலாளி அதை முன்னால் இழுத்து, அது முதலாளியைப் பின்னால் தள்ளியதையும் நடித்துக் காட்டினான். சுல்மா சிரித்தார். சிரித்தார் என்றால், கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அந்த வீட்டில் இருந்ததே எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு நான் நான்கு மணிக்குப் போனால் அவன் எனக்கு முன்பே என் நாற்காலியில் இருக்கிறான். "வாங்க வாத்தியாரே, உக்காருங்க" என்று எனக்கு ஸ்டூலைக் காட்டுகிறான். அதைவிடக் கேளுங்கள், குடுவை என் முறைக்கு வந்து குழலில் வாய் வைத்தால் இனிக்கிறது! சர்க்கரை போட்டிருக்கிறார்! சர்க்கரை பட்ட சுரைக்குடுவை பிறகு கசப்பு மாத்தேக்கு உதவாது என்று நம் அம்மா எத்தனை முறை சொல்லியிருப்பாள்! பதினோரு வருடம் கசப்பாகவே குடித்துப் பழக்கிய குடுவை அது. இருந்தும் நன்றாக இருக்கிறது என்றேன். மூன்றாவது ஞாயிறு மழை. மழை என்றால் சுல்மா மாவு பிசைந்து ரொட்டி பொரிப்பார், எனக்கு இரண்டு வரும், ஓரம் கருகாததாகப் பார்த்து எடுத்துத் தருவார். அன்று அவன் ஐந்து தின்றான். எனக்குக் கருகிய ஒன்று. அதுகூடப் பரவாயில்லை. "நீ இன்னொண்ணு எடுத்துக்கோ தார்தோ" என்றார். நீ! பதினோரு வருடமாக நான் 'நீங்கள்', மூன்று வாரத்தில் அவன் 'நீ'. அன்று முழுவதும் காய்ச்சல் வந்ததுபோல் இருந்தது, வெப்பமானியில் ஒன்றும் காட்டவில்லை.

இனி இந்தத் திங்கட்கிழமை நடந்தது. உதவித்தொகை அலுவலகத்துக்கு ஏழு மணிக்கே போய்விட்டேன். ஏழு தடுப்புள்ள கோப்பு, ஒவ்வொரு காகிதத்துக்கும் இரண்டு நகல், நகலுக்கும் ஒரு நகல். தார்தோ ஒன்பதரைக்கு வந்தான், எல்லாக் காகிதத்தையும் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு. வந்தவன் வாயிற்காவலருக்கு ஒரு குடுவை மாத்தே, எனக்கு முன்னால் நின்ற கர்ப்பிணிக்கு ஒரு பிஸ்கட் என்று கொடுத்துப் பேசிப் பேசியே எனக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டான். வரிசையில் யாருமே முணுமுணுக்கவில்லை, என்னைத் தவிர. நானும் மனதுக்குள்தான். என் முறை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், என் கோப்பைப் பார்த்து மகிழ்வாள் என்று எதிர்பார்த்தேன். கொட்டாவி விட்டாள்.

"கூட யார் இருக்காங்க?"

"தனியாகத்தான். ஒரு பூனை."

"பூனைக்கெல்லாம் இதுல கட்டம் இல்ல, பெரியவரே. பொண்டாட்டி, இல்ல சேர்ந்து வாழறவங்க, யாராச்சும்? இருந்தா தொகை கொஞ்சம் கூடும்."

"அந்தக் கேள்வியை யோசித்துச் சொல்லலாமா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பின்னாடி அறுபது பேர் நிக்கறாங்க."

அந்தக் கட்டத்தில் ஒரு நேர்கோடு போட்டேன். வெற்றாக விட்டால் யாராவது பிறகு எதையாவது எழுதிவிடலாம் அல்லவா, அதற்காகத்தான். ஸ்கேல் வைத்துப் போட்டேன். நான் நகர்வதற்குள் தார்தோ சன்னலில் முழங்கையை ஊன்றிவிட்டான். "கூட யாரு?" என்று அந்தப் பெண் கேட்க, அவன் அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி, "சுல்மா பெத்தான்கோர்! தையல்காரி, இரண்டாவது மாடி!" என்றான். அக்கா, என் காதில் மழைத்தண்ணீர் புகுந்தது போலிருந்தது. அந்தப் பெண், "சேர்ந்து வாழறதா இருந்தா ரெண்டு சாட்சி வேணும், பேர், அடையாள அட்டை நம்பர், கையெழுத்து. வாங்கிட்டு நாளைக்குக் குடுங்க" என்று ஒரு தாளை நீட்டினாள். தார்தோ திரும்பி என்னைப் பார்த்தான். "நாளைக்கு எதுக்கும்மா? இதோ நிக்கறாரே, அதே கட்டடம், கீழ் மாடி. இவரைவிடச் சாட்சி யாரு கிடைப்பா? என்ன வாத்தியாரே, போடறீங்களா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து பதினான்கு விதமான பதில்களைத் தயாரித்திருக்கிறேன், எல்லாமே நன்றாக இருக்கின்றன. அன்று நான் செய்தது, "பேனா இருக்கிறதா?" என்று கேட்டதுதான். போட்டேன். எனக்கு எதிராக நானே போட்ட கையெழுத்து, அதுவும் வரிமேல் நேராக, தெளிவாக. அந்தப் பெண்கூட, "கையெழுத்து அழகா இருக்கு" என்றாள். அந்த அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது.

அன்றிலிருந்து மூன்று நாளாக மேலே காலடிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன். இரண்டு கால் என்றால் சுல்மா, நான்கு என்றால் அவனும். சில நேரம் மூன்று கேட்கிறது, அதற்கு என்ன பொருள் என்று தெரியாமல் அதிலும் ஒரு மணி நேரம் போகிறது. தையல் இயந்திரம் ஓடினால் அவனுக்குச் சட்டை தைக்கிறார் என்று தோன்றுகிறது, ஓடாவிட்டால் அதைவிட மோசமாகத் தோன்றுகிறது. நான் சாட்சி சொன்னது பொய்யாக இருந்தால் பொய்ச்சாட்சிக்காக என்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள். உண்மையாக இருந்தால் பிடிக்க மாட்டார்கள். என்னைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்றுதான் மனம் விரும்புகிறது. கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன். 'காரணம்' என்று எழுதி இரட்டைப் புள்ளி வைத்தேன். அதற்கு மேல் பேனா போகவில்லை. ஒருவேளை அவன்தான் அவருக்குப் பொருத்தமோ? சிரிக்க வைக்கிறான், ஐந்து ரொட்டி தின்கிறான், சமைப்பவருக்கு அதுதானே பிடிக்கும். நான் இரண்டு தின்றுவிட்டு மாவின் வரலாறு சொல்பவன். இதை நியாயமாக ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகும் அவன் மீசை தீப்பிடித்தால் நான் தண்ணீர் கொண்டுவர அவசரப்பட மாட்டேன்.

ஆகையால் சனிக்கிழமை காலைப் பேருந்தில் கிளம்புகிறேன். மந்திரியையும் கூடையில் வைத்துக் கொண்டுவருகிறேன். அத்தானுக்கு என் வணக்கத்தையும், முழங்காலுக்கு என் ஆறுதலையும் தெரிவியுங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியவும், உங்கள் கோழிகளை நரி மறந்துபோகவும் வேண்டிக்கொண்டு,

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
தெயோஃபிலோ.

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை காலை: அறையை ஒழிக்க வேண்டாம். வெங்காயம் இருக்கட்டும்.

கடிதத்தை உறையில் போடப் போனபோது சுல்மா கதவைத் தட்டினார். உட்காரவில்லை. மடித்த ஒரு தாளை என் முகத்துக்கு நேரே பிரித்தார். அந்தச் சாட்சித் தாள். தார்தோ அதை அலுவலகத்தில் கொடுக்கவே இல்லையாம், நேரே மேலே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்திருக்கிறான்.

"இது உன் கையெழுத்துதானே?"

நீ என்றார், அக்கா! எனக்கு ஒரு கணம் உள்ளம் பூரித்தது. அது கோபம் என்று பிறகுதான் புரிந்தது.

"பதினோரு வருஷமா ஞாயித்துக்கிழமை வந்து என் மாத்தேயைக் குடிச்சிட்டு, ஒரு பேனா கிடைச்சதும் என்னை இன்னொருத்தனுக்கு எழுதிக் குடுத்துட்டியே! என் பேரைச் சொல்லிப் பாரு, மனுஷன் எகிறிக் குதிப்பான்னு நான்தான் அந்தாளை அனுப்பினேன். கையெழுத்துப் போட மாட்டான்னு சத்தியம் பண்ணேன். அந்தாள் மூணு நாளா மேல வந்து சிரிக்கறான். 'சத்தம் போடுவார்னு பார்த்தா, பேனா கேக்கறாரும்மா'ன்னு!"

"நீங்கள் சர்க்கரை போட்டீர்களே" என்றேன்.

"அதுக்காவது கோபம் வருதான்னு பார்க்கத்தான் போட்டேன்! நல்லா இருக்குன்னு சொன்ன! அந்தக் குடுவையைத் தூக்கி எறிஞ்சாச்சு. கட்டத்துல ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டியாமே? புது ஃபாரம் வாங்கிட்டு வந்து என் பேரை எழுது."

நாம் சேர்ந்து வாழவில்லையே, பொய்யாகிவிடுமே என்றேன். "அப்ப உண்மையாக்கு. பத்தொன்பது படிதானே? பூனையைத் தூக்கிட்டு ஏறு" என்றார். நாளைக் காலைக்குள் ஏறிவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன், புத்தகங்களைத் தலைப்பு வாரியாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஒரு சாட்சி தார்தோ. இன்னொருவர் நீங்கள். அடையாள அட்டையோடு திங்கட்கிழமைக்குள் வந்து சேருங்கள், அத்தானும் வந்தால் படியேறும்போது நான் பிடித்துக்கொள்கிறேன். தார்தோ மேலே அடிக்கடி வருவதைக் குறைக்கச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன், இன்னும் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடலாம் என்றிருந்தேன், அதற்குள் சுல்மா எடுத்துப் படித்துவிட்டார். "அந்தாள் மீசையைப் பத்தி எழுதியிருக்க, முடியைப் பத்தி எழுதியிருக்க. என்னைப் பத்தி என்ன எழுதியிருக்க? தையல்காரி, ரொட்டி பொரிப்பா. அவ்வளவுதானா? அந்த அட்டையில கடைசி வரி என்னன்னு உங்க அக்காவுக்குக்கூடச் சொல்லலியே" என்கிறார். அது என்னவென்று உங்களுக்கே தெரிந்திருக்கும். எழுத உட்கார்ந்தேன். எழுதக் கூடாதாம். எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, வாயால் சொல்ல வேண்டும் என்கிறார், அதுவும் அவரைப் பார்த்து. ஆகவே பேனாவை வைத்துவிட்டு எழுந்திருக்கிறேன், அக்கா. மற்றவை நேரில்.