மச்சானின் கழுத்துக்கு ஒரு மஃப்ளர்

என் மரியாதைக்கும் கேலிக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். அங்கு உங்கள் நலமும் உங்கள் இருமலின் நிலவரமும் அறிய ஆவல்.

கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்துவிடாதீர்கள். நான்தான். உங்கள் தங்கை இருந்தவரை நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள், கடைசியில் நான் கட்டைவிரலை உருட்டுவேன். உங்களைத் திட்டி நான் சொன்னதையெல்லாம் அவள் எழுதினாளா, விழுங்கினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இனி நடுவில் ஆள் கிடையாது. உங்கள் மருமகள், அதாவது என் பெண், எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டாள். மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது மச்சான்.

விஷயம் இதுதான். உங்கள் வழுக்கைத் தலைக்கு உங்கள் மருமகள் தன் கையால் பின்னிய கம்பளித் தொப்பி இந்தக் கடிதத்தோடு வருகிறது. பெற்றுக்கொள்ளவும்.

மேலே தொப்பி என்று எழுதியதை விட்டுவிடுங்கள். அந்த வரியை நான் எழுதி முடிப்பதற்குள் தொப்பி இல்லாமல் போய்விட்டது. அடித்துவிட மனம் வரவில்லை, அதற்கு ஒரு சாயங்காலம் முழுக்கச் செலவாகியிருக்கிறது. இப்போது வருவது கையுறை.

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் மருமகள் மின்சார அலுவலகத்தில் புகார் தொலைபேசி எடுக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். ஊரில் எங்கே விளக்கு அணைந்தாலும் திட்டு வாங்குவது அவள்தான். வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போவதில்லை, பேத்தி, அதாவது நாங்கள் பீரங்கி என்று கூப்பிடுகிற அந்தச் சின்னது, பசிக்கிறது என்று கத்தினால், “உங்க புகார் பதிவாயிடுச்சு” என்கிறாள். ஆனால் ஒன்று, புகார் என்று காதில் விழுந்துவிட்டால் அதைத் தீர்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரி வேலையை விட்டுப் போகும்போது கத்தரிப்பூ நிறத்தில் கொஞ்சம் கம்பளி நூலையும் இரண்டு பின்னல் ஊசிகளையும் இவள் கையில் திணித்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து பஸ்ஸில் பின்னுகிறாள், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது பின்னுகிறாள், ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மேசையில் உட்கார்ந்து பின்னுகிறாள். அந்த நேரத்தில்தான் நான் எதிரே உட்கார்ந்து எழுதிப் பழகுகிறேன், பீரங்கி சத்தமில்லாமல் படம் வரைகிறது, வேன் ஓட்டிக் களைத்து வரும் மாப்பிள்ளைகூட டிவியை அணைத்துவிட்டு எங்களைக் கிண்டல் செய்ய வந்து உட்கார்ந்துவிடுகிறார். நாளில் அந்த அரைமணி நேரம் மட்டும் என் பெண்ணை யாரும் திட்டுவதில்லை.

உங்கள் தலையின் அளவு தெரியாததால் பால் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்து அளவெடுத்தோம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் பின்னல் கண்ணிகளை எண்ணும்போதெல்லாம் பீரங்கி குறுக்கே வந்து, “அம்மா, யானைக்கு முட்டி எங்க இருக்கு?” என்று கேட்கும், எண்ணிக்கை போய்விடும், எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் சேர்த்துப் பின்னுவாள். முடிந்தபோது தொப்பிக்குள் நீங்களும் நானும் சேர்ந்தே தலையை விடலாம்போல இருந்தது. மாப்பிள்ளை அதை மிக்சிக்கு மாட்டிப் பார்த்தார். “மாமா, அளவு எடுத்த மாதிரி இருக்கு பாருங்க,” என்றார். இவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன், விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். தொப்பி முழுக்க நூலாகி என் மடியில் வந்து விழுந்தது.

மேலே கையுறை என்று எழுதியதையும் விட்டுவிடவும். அதில் கட்டைவிரலைப் பின்னி முடித்த நேரத்தில் பால் பொங்கியிருக்கிறது, அடுப்பை அணைத்துவிட்டு வந்தவள் மறந்துபோய் இன்னொரு கட்டைவிரலைப் பின்னிவிட்டாள். அளவு பார்க்க என் கையில்தான் மாட்டினாள். இத்தனை காலம் கைநாட்டு வைத்தவன் நான், எழுதக் கற்றுக்கொண்ட பிறகா எனக்கு இரண்டு கட்டைவிரல்? அதையும் பிரித்தாயிற்று.

“ஏம்மா இப்படிக் கஷ்டப்படறே, கடையில ஒண்ணு வாங்கி மாமாவுக்கு அனுப்பிடலாமே,” என்றார் மாப்பிள்ளை.

“கடையில வாங்கினா நான் எதைப் பிரிக்கிறது?” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “போன்ல தப்பா ஒண்ணு சொல்லிட்டா சொன்னதுதாம்பா. இது இழுத்தா வந்துடும்,” என்றாள்.

கடைசியில், நீட்டிக்கொண்டே போனால் போதும், அளவு வேண்டாம் என்று மஃப்ளர் ஆரம்பித்தாள். முடிந்தேவிட்டது. ஒரு முனை கையகலம், மறு முனை துண்டு அகலம். நடுவில் ஒரு ஓட்டை இருக்கிறது, அது மேலதிகாரி போன் செய்த இடம். அதன் வழியாகப் பீரங்கி கையை விட்டு எனக்கு டாட்டா காட்டியது. ஆனாலும் கதகதப்பான மஃப்ளர், கட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். “மாமாவுக்கு அனுப்பியாச்சுன்னா இதோட சரிப்பா, எனக்கு எங்க நேரம்?” என்று ஊசிகளைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். நல்லதுதான், பெண் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும். நீங்களும் இதைக் கட்டிக்கொண்டு இருமல் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், என்னை இன்னும் நிறையக் கிண்டல் செய்ய வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னதுகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
கட்டைவிரலுக்கு ஓய்வு கொடுத்துவிட்ட
உங்கள் மச்சான்

பி.கு.: பொட்டலம் கட்டிய பிறகு இரண்டு நாளாக இதைத் தபாலில் சேர்க்காமல் வைத்திருக்கிறேன். சாப்பாடு முடிந்ததும் அவள் போனை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போய்விடுகிறாள், மாப்பிள்ளை டிவிக்கு, பீரங்கி அழுகைக்கு. மேசையில் நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால், மச்சான், மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். மஃப்ளர் வந்ததும் சரியில்லை என்று அவளுக்கு ஒரு புகார் எழுதுங்கள். கழுத்துக்குப் பற்றவில்லை என்றாலும் சரி, குத்துகிறது என்றாலும் சரி, உங்கள் இஷ்டம். மஃப்ளரையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள், பிரித்தால்தானே பின்ன முடியும். இருமலுக்குக் கடையில் நல்லதாக ஒன்று வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். புகாரை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதவும். அவளுக்குப் படித்துக் காட்டப்போவது நான்.