ராகு காலம் முடிந்து விதைத்த கெராங்

மதிப்பிற்குரிய ஜெகதீஸ்வரி அத்தை அவர்களுக்கு,

ஜுருவிலிருந்து சுபாஷினி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் மாமாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பாலம்தானே, எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் உடனே கூப்பிடுவீர்கள். நீங்கள் கூப்பிட்டால் நான் "சரி அத்தை" என்று சொல்லிவிடுவேன். இந்த விஷயத்தில் நான் அதைச் சொல்லக் கூடாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கெராங் நிலத்தைப் பார்க்க மீன்வள அதிகாரி வருகிறார். அன்று நீங்கள் தயவுசெய்து வர வேண்டாம்.

கோபப்படாமல் படியுங்கள். கோய் தியா நூடுல்ஸில் நீங்கள் பொறுக்கி ஓரமாக ஒதுக்குவீர்களே, அந்தச் சிப்பிதான் கெராங். மாக் மண்டினில் அம்மா வேலை செய்த பட்டறை மூடியபோது, பதினெட்டு வருடம் பக்கத்தில் நின்று வேலை பார்த்த மலாய்க்கார அம்மா, நம் ரோஹானா மக்சிக்தான் இந்த வழியைக் காட்டினார். அவர் சொல்லித்தான் மீனவர் சங்கம் அம்மாவுக்குக் கடலோரச் சேற்றில் ஒரு துண்டை ஒரு வருடச் சோதனைக்குக் கொடுத்தது. அதிகாரி வந்து நாலைந்து இடத்தில் ஒரு சதுரச் சட்டத்தைச் சேற்றில் போட்டு, உள்ளே இருப்பவற்றில் உயிருள்ளது எத்தனை, செத்தது எத்தனை, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பார். சரியில்லை என்றால் நிலம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். ஐம்பத்து மூன்று வயதில் அம்மாவுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

இனி ஜனவரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நீங்கள் அதை வேறு விதமாகச் சொல்லி வருவதாகக் கேள்வி. அன்று சனிக்கிழமை. பொடிக் கெராங் பத்து மூட்டை வந்து வாசலில் இறங்கியிருந்தது. ஒவ்வொன்றும் மிளகைவிடக் கொஞ்சம் பெரியது. நல்ல காரியம் என்று நீங்கள் மாம்பழ நிறப் பட்டுப் புடவையில் வந்தீர்கள். மூட்டையைப் பிரித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தீர்கள். "ஏம்மா சந்திரிகா, இவ்வளவு சேத்தோடவா கடலுக்கு அனுப்புறது? புள்ளைங்கள குளிப்பாட்டாம ஸ்கூலுக்கு அனுப்புவியா?" என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே வாசல் குழாயைத் திறந்து ஹோஸைப் பிடித்தீர்கள். மஞ்சள்தூள் டப்பாவும் கையில் இருந்தது. ரோஹானா மக்சிக் மோட்டார் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். "அலாமா! அக்கா, ஜாங்கான் லா, வேணாம்! உப்புத் தண்ணிப் புள்ளைங்க அது, பைப் தண்ணி பட்டா செத்துப் போகும்!" அதற்குள் ஒரு மூட்டை குளித்து, மஞ்சளும் பூசி முடித்திருந்தது. சிப்பிகள் எல்லாம் வாயை இறுக்கி மூடிக்கொண்டன. மக்சிக் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்துப் பார்த்து, பெருமூச்சு விட்டு, "இந்த மூட்டை செத்ததுன்னே வைச்சுக்கலாம். அக்கா ஆசைக்கு அக்காவே போடட்டும்" என்றார்.

சரி, மீதி ஒன்பதையாவது உடனே கொண்டுபோகலாம் என்றால், நீங்கள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தீர்கள். ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம். ஒன்பது மணிக்குத்தான் தண்ணீர் உச்சத்தில் நிற்கும், அப்போதுதான் படகு நிலத்தின் மேல் போக முடியும் என்று அம்மா கெஞ்சினார். "கடல் எங்கம்மா ஓடிப்போகுது? அங்கேயேதான் இருக்கும்" என்றீர்கள். அம்மா உங்களை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை, அன்றும் பேசவில்லை. அன்று கடல் ஓடித்தான் போனது. பதினொரு மணிக்கு நாம் நிலத்தை அடைந்தபோது படகுக்கு அடியில் முழங்கால் தண்ணீர்தான். தரை தட்டிவிடுமே என்ற பதற்றத்தில் அம்மா ஒன்பது மூட்டையையும் நடுவிலேயே கவிழ்த்தார், சாணம் கொட்டுவதுபோல. கடைசி மூட்டையைக் கொட்டும்போது படகு உட்கார்ந்துவிட்டது. மறுபடி தண்ணீர் வர மாலை ஆகும்.

மக்சிக் அசரவில்லை. தண்ணீர் வடிந்து சேறு தெரிந்ததும் படகிலிருந்து சேற்றுப் பலகையை எடுத்துப் போட்டார். ஒரு முழங்காலைப் பலகையில் ஊன்றி, இன்னொரு காலால் சேற்றைத் தள்ளினால் அது வழுக்கிக்கொண்டு போகும். கரையோரப் பெண்களுக்கு அதுதான் சைக்கிள். உங்களை அதில் உட்கார வைத்து மக்சிக் தள்ளினார். பட்டுப் புடவையோடு, குளித்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா ரோஹானா" என்று கத்தியபடி நீங்கள் ஈசான்ய மூலைக்குப் போனீர்கள். அங்கே ஒரு மூட்டையைத் தீர்க்க இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டீர்கள். கல்யாண வீட்டில் அட்சதை போடுவதுபோல மூன்று விரலால் எடுத்து, "நல்லா இருங்க, நல்லா இருங்க" என்று ஒவ்வொரு சிட்டிகையாகத் தூவினீர்கள். வெயிலில் அம்மா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு படகில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அது உங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அம்மா செய்ததைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். நான் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வளர்ப்பு என்கிறோம், ஆனால் யாரும் கெராங்குக்குத் தீனி போடுவதில்லை. கடல் கொண்டு வருவதை அது தானே வடிகட்டித் தின்கிறது. மனிதர் செய்யக்கூடியது, நல்ல இடத்தில் வைத்து, ஓட்டில் துளை போட்டுத் தின்னும் நத்தைகளைப் பொறுக்கிவிட்டு, பொறுத்திருப்பது மட்டுமே. நான் படித்துத் தெரிந்துகொண்டதை அம்மா முழங்காலால் தெரிந்துகொண்டார். பத்து மாதமும் தண்ணீர் வற்றும் நேரத்தை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்து, அந்த நேரத்துக்கெல்லாம் பலகையோடு போனார். நீச்சல் தெரியாதவர். பட்டறையில் குறையுள்ள சாமானைப் பொறுக்கிய அதே கண்ணால் இப்போது நத்தைகளைப் பொறுக்குகிறார். பெரிய மழை பெய்த இரவுகளில் ஆற்றுத் தண்ணீர் கடலை நன்னீராக்கிவிடுமே என்று தூங்காமல் இருப்பார். வீட்டில் யாரிடமும் அதைச் சொல்வதில்லை. ஈசான்ய மூலைப் பக்கம் மட்டும் போவதே இல்லை. செத்ததைப் போய்ப் பார்ப்பானேன் என்பார்.

அதனால்தான் அத்தை, ஞாயிறு அன்று அம்மாவை அவர் கற்றுக்கொண்ட வேலையோடு தனியாக நிற்க விடுங்கள். எலுமிச்சம்பழம், கற்பூரம், காலண்டர் எதுவும் வேண்டாம். உங்கள் வாழ்த்தை வீட்டிலிருந்தே அனுப்புங்கள், வந்து சேரும். மாமாவுக்கு என் அன்பு. புடவையில் படிந்த சேறு சலவையில் போய்விட்டது என்று அப்பா சொன்னார், மகிழ்ச்சி.

என்றும் உங்கள் மருமகள்,
சுபாஷினி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் அதிகாரி இஸ்ஸதி இன்றே, வியாழக்கிழமையே வந்துவிட்டார். சட்டத்தை நடுவில் மூன்று இடத்தில் போட்டார். ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி, பாதிக்கு மேல் செத்துக் கிடந்தன. மிச்சமும் வளரவில்லை. அம்மா பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலாவதாக அதிகாரி யாரையும் கேட்காமல் ஈசான்ய மூலையில் போட்டார். உள்ளே கொஞ்சம்தான் இருந்தன. அன்று குழாய்த் தண்ணீருக்கு வாயை மூடித் தப்பியவை; எல்லாம் உயிரோடு, ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நுனியளவு. "நிலத்துல பிரச்சினை இல்ல. இங்க மட்டும் யாரு விதைச்சது?" என்று அவர் மலாயில் கேட்டார். "எங்க அண்ணி" என்றார் அம்மா. எப்படி என்று கேட்டதற்கு, அம்மா சேற்றில் நின்றபடி மூன்று விரலைக் குவித்து, "நல்லா இருங்க" என்று தூவிக் காட்டினார். இஸ்ஸதி அதைப் படிவத்தில் எழுதிக்கொண்டார். இன்னும் ஒரு வருடம் நிலம் அம்மாவுக்குத்தான். ஒரே நிபந்தனை, முழு நிலத்தையும் அந்த மூலையைப் போலவே விதைக்க வேண்டும்.

அடுத்த பொடிக் கெராங் ஜனவரியில் வருகிறது. நீங்கள் வந்தே ஆக வேண்டும். ரோஹானா மக்சிக் தன் வீட்டில் ஒரு தமிழ்க் காலண்டரை மாட்டி, என்னைப் படிக்கச் சொல்லி நாளும் குறித்துவிட்டார். அன்று தண்ணீர் உச்சம் காலையில், ராகு காலம் மாலையில்.

வாசல் ஹோஸை மட்டும் நான் கழற்றி ஒளித்து வைத்துவிட்டேன்.