ஏரி நடுவில் ஒரு புள்ளி

மாலை ஐந்து நாற்பதுக்கு என் மகள் ஷெரின் சிட்லபாக்கம் ஏரியின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அதாவது, என் போனில்.

குடும்பத்தார் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும் செயலி அது. முகம் தெரியாத பலர் ஓய்வு நேரத்தில் சேர்ந்து நிரல் எழுதி உருவாக்குவது. இலவசம், யார் வேண்டுமானாலும் உள்ளே பார்த்துத் திருத்தலாம். ஷெரின் கிண்டியில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அதை அவள் போனில் போட்டுக் கொடுத்தேன். (அவள் கேட்கவில்லை.)

அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை.

"ட்ரெயின்ல கூட்டமா இருக்கும்ங்க. பைக்குள்ள வெச்சிருப்பா" என்றாள் என் மனைவி மேரி, அடுப்படியிலிருந்து.

"ட்ரெயின் ஏரிக்குள்ள போகாது மேரி."

"அப்ப அவ மட்டும் ஏன் போறா?"

மறுபடி போனைத் துழாவினேன். செயலியில் 'குறை தெரிவிக்க' என்றொரு பொத்தான் இருந்தது. அழுத்தினால், உலகமே படிக்கக்கூடிய ஒரு பக்கம். மற்றவர்கள் 'எழுத்து சிறியதாக இருக்கிறது' என்பது போல ஒரு வரி எழுதியிருந்தார்கள். நான் நகராட்சிக்கு மனு எழுதிப் பழகியவன். அனுப்புநர் முகவரி, பெறுநர், பொருள், மகளின் பெயர், உயரம், சுடிதார் நிறம், போன் எண் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதி, கீழே போன் திரையின் படத்தையும் ஓர் ஆலோசனையையும் சேர்த்தேன்: 'பிள்ளை தண்ணீருக்குள் போனால் செயலி அலற வேண்டும்.'

உடனே செயலியை எழுதுபவர்களில் ஒருவர் அதே பக்கத்தில் கேட்டார்: 'இதே கோளாறு மறுபடி வர என்ன செய்ய வேண்டும்?' (கோளாறைத் தேடிப் பிடிக்க எல்லோரிடமும் கேட்கும் கேள்வியாம். எனக்கு எப்படித் தெரியும்?) 'ஒரு முறையே போதும் ஐயா' என்று எழுதினேன்.

மறுபடி ஷெரினை அழைத்தேன். வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறாள் என்றது போன். திரும்பத் திரும்ப அதே குரல். ஏரிக்குள்ளிருந்து யாரோடு பேசுகிறாள்? செருப்பைத் தேடினேன், ஒன்றுதான் கிடைத்தது.

அதற்குள் அந்த மனிதரே மறுபடி எழுதியிருந்தார். 'போன் எண்ணை நீக்கிவிட்டேன். பயப்படாதீர்கள். அது பழைய தகவல். புள்ளியைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் இருக்கிறது பாருங்கள், மகள் அதற்குள் எங்கேயும் இருக்கலாம். உங்கள் வீடும் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. வாசலைப் பாருங்கள்.'

இன்று அந்தச் செயலியில் தகவல் பழசானால் புள்ளி சாம்பல் நிறமாகிவிடும். என் மனுவால் வந்த மாற்றம் என்று நன்றியோடு பெயரும் போட்டிருக்கிறார்கள். 'யாருடைய போன் எண்ணையும் எழுத வேண்டாம்' என்று குறைப் பக்கத்தின் உச்சியில் இருக்கும் வரியும் என் உபயம்தான். மறுநாள் காலை அந்த மனிதர் 'மகள் நலமா?' என்று கேட்டிருந்தார். ஷெரின் வரத் தாமதமானால் மேரி இன்றும், "ஏரியில பாத்தீங்களா?" என்கிறாள்.

அன்று வாசலைப் பார்த்தேன். கேட் திறந்தது. சொட்டு ஈரமில்லாமல், காதில் போனோடு ஷெரின் வந்தாள். பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"டாடி, ஸ்டேஷன்ல எறங்கினதுலேர்ந்து யார் யாரோ போன் பண்றாங்க. ஒருத்தர் பிரேசிலாம். எல்லாரும் எனக்கு நீச்சல் தெரியுமான்னு கேக்கறாங்க. நீங்க மட்டும்தான் லைன்லயே வரல."