ஸ்கேனுக்குச் சிபாரிசு பிடித்த உன் மச்சான்

கீழக்கரை

அன்புத் தம்பி நவ்ஷாதுக்கு, லாத்தா ரம்ஜான் பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஷார்ஜாவில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். இங்கே நானும், என் மாரில் இருக்கிற கட்டியும், உன் மச்சானும் இருக்கிறோம். இதில் மூன்றாவதைத்தான் தாங்க முடியவில்லை. போனில் சொல்லலாமென்றால் பக்கத்திலேயே காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். அதனால்தான் லீவில் வந்திருக்கிற அசாருதீன் கையில் இந்தக் கடுதாசியைக் கொடுத்து விடுகிறேன்.

மதுரை டாக்டரம்மா நல்லாத்தான் சொன்னாங்க. கட்டி சின்னது, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பாப்போம், வேற எங்கயும் ஒண்ணும் இல்லேன்னா ஆபரேசன் பண்ணும்போதே ஒரே தடவையா ரேடியேசன் கரண்டு வச்சு முடிச்சிரலாம், இருந்துச்சுன்னா அஞ்சு வாரம் தினம் வந்து வச்சுக்கிறணும், ஸ்கேன் பாத்துத்தான் அந்த ஒரு தடவைக்கு ஆளைத் தேர்ந்தெடுப்போம்னாங்க. தேர்ந்தெடுப்போம்னு சொன்னதுதான் தாமசம், மக அம்ரீனுக்குக் காலேஜ் சீட்டு வாங்க அலைஞ்ச மாதிரியே கெளம்பிட்டாரு மனுசன். ஜமாஅத் தலைவர்ட்ட ஒரு சிபாரிசுக் கடுதாசி, பத்தாததுக்கு ஓலைப்பெட்டி நெறையத் தொதல் அல்வா. ஸ்கேன் எடுக்கிற பிள்ளைகிட்ட அதை நீட்டி, "நம்ம வீட்டு ஆளும்மா, கொஞ்சம் பாத்துப் போடுங்க"ங்கிறாரு. மெசின் என்ன மார்க்கா போடுது? எனக்கு மானமே போச்சு. அதுக்கு முந்தி வீட்டுல டிரெயினிங் வேற! குப்புறப் படுத்து அசையாமக் கெடக்கணும்னு சொன்னாங்களா, பாயை விரிச்சுப் போட்டு "படு, படு, மூச்சை மெல்ல விடு"ன்னு ஒரே இம்சை. அரிசி களையக்கூட விடல. நானே பயந்து செத்துக்கிட்டு இருக்கேன். அஞ்சு வாரம் மதுரையில ரூம் எடுத்து இவரோட கெடக்கணும்னா, கட்டி கொல்லாட்டியும் இவரு கொன்னுருவாரு. நீ ஒரு விசிட் விசா எடுத்து இவரை அங்கன கூப்பிட்டுக்க. அல்லா உனக்கு நன்மையைத் தருவான்.

உன் வீட்டுக்காரி யும்னாவுக்கு ஸலாம். பிள்ளைகளுக்கு முத்தம். அல்லாஹ் உங்க ரிஸ்க்கில், சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
ரம்ஜான் பீவி

பி.கு.: அசாருதீன் பயணம் தள்ளிப்போச்சு, அதுக்குள்ள ரிசல்ட்டு வந்துருச்சு. நான் தேறல. கட்டிக்குத் தள்ளி இன்னொரு பொட்டு இருக்காம், ஊசி போட்டு எடுத்துப் பாத்தா அதுவும் அதேதான். அஞ்சு வாரந்தான். "இதைக் கண்டுபிடிக்கத்தாம்மா ஸ்கேனு, பாக்காம விட்டிருந்தா அது உள்ளயே இருந்திருக்கும்"னாங்க டாக்டரம்மா. உன் மச்சான் வராந்தாவுக்குப் போயி நின்னு அழுதாரு. நிக்காஹ் ஆன நாள்லருந்து அவரு அழுது நான் பாத்ததில்ல. விசா எடுத்துறாதடா. வாசல்ல நின்னு இவரு யாரையாச்சும் கத்திக்கிட்டு இருந்தாத்தான் நான் அந்தக் கரண்டு ரூமுக்குள்ள போவேன்.