காலை பத்து மணிக்கு என் நெஞ்சு ஏன் ஓடுகிறது

அன்பு மாறாத அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் என் நலத்தை நான் எழுதித் தெரிவிக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. நான் எப்போது படுத்தேன், படுத்து எத்தனை தடவை புரண்டேன், மாடிப்படி ஏறினேனா லிஃப்டில் போனேனா என்பதெல்லாம் எனக்குத் தெரிவதற்கு முன்பே உன் போனுக்கு வந்துவிடுகிறது. ஆகவே அத்தானின் முட்டிவலி தேவலையா, பெரியவளுக்கு வேலை நிரந்தரம் ஆகிவிட்டதா என்று உங்கள் நலத்தை மட்டும் விசாரித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ என் மனைவிக்குப் போன் செய்தாய். நல்ல எண்ணத்தில்தான் செய்தாய். சின்ன வயதில் நான் சுவரேறிக் குதித்ததை எல்லாம் அப்பாவிடம் போய்ச் சொன்னதும் நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அந்தப் போனுக்குப் பிறகு இந்த வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். நேரில் சொன்னால் நீ என்னை முடிக்க விடமாட்டாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

நீ போன தடவை வந்திருந்தபோது என் வயிற்றைப் பார்த்துக் கண் கலங்கினாயே, நினைவிருக்கிறதா. எனக்கு அப்போது அதைவிடப் பெரிய கவலை இருந்தது, உன்னிடம் சொல்லவில்லை. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கற்றுக்கொள்பவர்களுக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் எனக்கு ஒரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்கை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. என் வயிறு வளர்ந்த வளர்ச்சியில் சீட்டை முன்னால் தள்ளினால் டேஷ்போர்டில் இடிக்கும், பின்னால் தள்ளினால் கால் பிரேக்குக்கு எட்டாது. முதலாளி ஒருநாள் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, பிரேக் எட்டாத ஆளை வண்டியில உட்கார வைக்க முடியாது. வயித்தைக் குறைங்க. இல்லைன்னா ஆபீஸ்ல உட்கார்ந்து போன் எடுங்க" என்று சொல்லிவிட்டார். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன், காற்று வராத அந்த அறையில் உட்கார்ந்து "வணக்கம், சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா. அந்த நேரத்தில்தான் நீ இந்தக் கடிகாரத்தை வாங்கி என் மணிக்கட்டில் கட்டி, அதை உன் போனோடும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போனாய். உன் மகன் போகிற போக்கில் அதற்குத் தமிழ் பேசவும் கற்றுக்கொடுத்துவிட்டான்.

அங்கேதான் முதல் வினை. நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் அது "நகருங்கள்" என்கிறது. என் பிழைப்பே உட்கார்ந்திருப்பதுதான் என்று அதற்கு யார் சொல்வது. அந்த வாரம் என்னிடம் படித்தவர் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஒருவர், உத்தரவு என்று வந்துவிட்டால் மறுபேச்சே இல்லாதவர். சிவப்பு விளக்கு எரிகிறது, வண்டியை அழகாக நிறுத்தியிருக்கிறார், நானும் மனதுக்குள் பாராட்டிக்கொண்டிருக்கிறேன், கடிகாரம் "நகருங்கள்" என்றது, அவர் நகர்ந்தார். என் கால் எட்டுவதற்குள் நாற்சந்தியின் நட்டநடுவில் நிற்கிறோம், நான்கு பக்கமும் ஹாரன். போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து, "யாருய்யா உன்னை நகரச் சொன்னது?" என்று கேட்டார். தலைமை எழுத்தர் என் மணிக்கட்டைக் காட்டினார். போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து அது "நன்று, தொடருங்கள்" என்றது.

நீ சொன்னபடி வேகவைத்த காய்கறி தின்றேன். காலையில் என் மனைவியோடு நடக்கவும் போனேன். அவளுக்கு ஒவ்வொரு வீட்டு கேட்டிலும் யாராவது தெரிந்தவர்கள் இருந்தார்கள், அதனால் நாங்கள் நடந்ததைவிட நின்றதுதான் அதிகம். எடை இம்மி அசையவில்லை. ஆபீஸ் அறையில் எனக்காக நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டார்கள். அப்போதுதான் காலைப் பத்து மணிப் பாடத்துக்கு ஒரு பல் டாக்டர் அம்மா வந்து சேர்ந்தார்.

அவரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நம் வயதுக்காரர், பொறுமைசாலி, வாய்க்குள் கை விட்டால் ஒரு மயிரிழை பிசகாது என்று பெயர் எடுத்தவர். ஸ்டியரிங் பிடித்தால் மட்டும் வேறு ஆள். மேல்வரிசைப் பல்லைக் கண்ணாடியில் பார்த்துத்தான் வேலை செய்வார்களாம், கண்ணாடியில் ஒரு பக்கம் தெரிந்தால் கை மறுபக்கம் போகுமாம். அந்தப் பழக்கத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாத பக்கத்துக்கே துல்லியமாகப் போவார். எதிரே லாரி வந்தால் வேகம் கூடும். நான் அலறினால் இன்னும் கூடும். அலறுகிற என்னிடம், கண்ணை ரோட்டிலிருந்து எடுத்து, "ஒண்ணுமில்ல சார், இதோ முடிஞ்சிடும், கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்பார். பொறுத்துக்கொண்டேன் அக்கா. ஒரு மணி நேரமும் என் கால் பிரேக்கை மிதிக்க எட்டி எட்டிப் போகும், இடுப்பு இருபக்கமும் முறுக்கும், சட்டை பிழிகிற மாதிரி ஆகிவிடும், மதியச் சாப்பாடு தொண்டையில் இறங்காது. பாடம் முடிந்ததும் கடிகாரம், "அருமை, கடுமையான உடற்பயிற்சியை முடித்துவிட்டீர்கள், தண்ணீர் குடியுங்கள்" என்று பாராட்டும். உன் காய்கறியால் ஆகாதது அவரால் ஆயிற்று. வயிறு இறங்கியது. கால் பிரேக்கைத் தொட்டது. முதலாளி மறுபடி குனிந்து பார்த்துவிட்டு நாற்காலியை எடுத்து உள்ளே போடச் சொன்னார்.

இப்போது என் மனைவியின் இடத்திலிருந்து யோசித்துப் பார். புருஷன் திடீரென்று இளைக்கிறான். வியர்வைக்காகப் பையில் ஒரு மாற்றுச் சட்டை எடுத்துப் போகிறான், அதாவது காலையில் ஒரு சட்டையில் போய் மதியம் வேறு சட்டையில் வருகிறான். பல் டாக்டர் நன்றிக்கடனாக ஒருநாள் கறையெல்லாம் எடுத்துவிட்டதால் பல்லும் பளபளக்கிறது. இத்தனையையும் அவள் பாட்டுக்கு, நாத்தனார் கொடுத்த கடிகாரத்தின் மகிமை என்று சந்தோஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நீ போன் செய்து, "தினம் காலைல பத்து மணிக்கு அவன் நெஞ்சு தாறுமாறா ஓடுது. ஆனா ஒரு அடி கூட நடக்கலை. ஒரே இடத்துல உட்கார்ந்துக்கிட்டு எப்படிம்மா நெஞ்சு மட்டும் ஓடும்? நீ கொஞ்சம் என்னன்னு பாரு" என்று சொல்லியிருக்கிறாய்.

அன்றைக்கும் மறுநாளும் சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசின. செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

"பத்து மணிக்கு யாரு?"

"எந்தப் பத்து மணிக்கு?"

"அண்ணி எல்லாம் சொல்லிட்டாங்க. வாரம் பூரா எகிறுதாம். ஞாயித்துக்கிழமை மட்டும் நெஞ்சு கம்முன்னு இருக்காம். ஞாயித்துக்கிழமை நீங்க என்கூட வீட்ல இருக்கீங்க."

அவளுக்கு வலித்தது அந்தக் கடைசி விஷயம்தான். உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது என்று நினைத்தேன். அது எவ்வளவு மோசமான யோசனை என்று வாயைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

"பல் டாக்டர்" என்றேன்.

"அதான் பல்லு பளபளங்குது."

"அவங்க ஓட்டுவாங்க. நான் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன்."

"உட்கார்ந்து?"

"பயப்படுவேன்."

"கட்டின நாள்லேர்ந்து என்னைப் பார்த்தே நீங்க பயப்பட்டதில்ல. பல் டாக்டரைப் பார்த்து என்ன பயம்?" என்று சொல்லிவிட்டு எழுந்தவள், கை கழுவிக்கொண்டே, "நாளைக்கு நானும் வர்றேன்" என்றாள்.

வந்தாள். கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் கைப்பையோடு வந்து பின் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பல் டாக்டர் வண்டியை எடுத்தார், எடுத்த வேகத்தில் முழுக்கத் திரும்பிப் பின்னால் பார்த்து, "நீங்கதான் சார் வீட்ல அம்மாவா? சிரிங்க பார்ப்போம். மேல கடைவாய்ப் பல்லுல சொத்தை இருக்கே" என்று விசாரித்தார். முன்னால் பால் வண்டி. நான் அலறினேன், என் மனைவியும் அலறினாள், இரண்டு பேர் அலறியதில் வண்டி அதுவரை நான் காணாத வேகம் போனது. ரவுண்டானாவுக்குள் நுழைந்தோம், வெளியே வரும் வழி வந்து வந்து போயிற்று, ஒரு பூக்கடையை எத்தனை தடவை பார்த்தோம் என்று கணக்கில்லை, கடைக்காரர் ஒரு கட்டத்தில் கையசைக்க ஆரம்பித்துவிட்டார். பின்னாலிருந்து என் தோளைப் பிடித்த என் மனைவியின் கை, நான் பிரேக்கை மிதித்து வண்டியை ஓரங்கட்டும்வரை விடவில்லை.

இறங்கி ஒரு மதில் சுவரில் சாய்ந்துகொண்டு நெடுநேரம் மூச்சு வாங்கினாள். பிறகு என்னைப் பார்த்து, "இதையா தினம் தாங்கினீங்க?" என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. அந்தப் பூரிப்பு ஒரு நிமிஷம் நின்றிருக்கும். பல் டாக்டர் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே, "நான் எப்பவோ டெஸ்ட்டுக்குப் போறேன்னு சொன்னேன்மா. சார்தான் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், போகட்டும்னு சொல்லிட்டே இருக்காரு. எங்க அம்மா ஊருக்கு அந்தக் கோடியில தனியா இருக்காங்க. க்ளினிக்கை மூடிட்டு ரெண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்துட்டு வர்றேன். அதுக்காகத்தான் கத்துக்கறேன்" என்றார்.

என் மனைவி பாட்டிலை மூடினாள். என் முகத்தைப் பார்த்தாள், பார்வையை இறக்கி வயிற்றைப் பார்த்தாள், எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு. "உங்க தொப்பை குறையறதுக்கு டாக்டரம்மா பஸ்ஸுல தொங்கணுமா?" என்று மட்டும் கேட்டாள். அவ்வளவுதான் அக்கா. டாக்டரின் அம்மா தனியாக இருப்பது எனக்குத் தெரியாதுதான், ஆனால் நான் கேட்கவும் இல்லையே. அன்றைக்கே டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்தேன்.

டெஸ்ட் மைதானத்தில் நான் வேலிக்கு வெளியே நின்றேன். பரீட்சை நடத்தும் அதிகாரி வாயே திறக்காத மனிதர். அவர் ஏறி உட்கார்ந்தார், வண்டி நகர்ந்தது, நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். திறந்து பார்த்தால், ஏரியில் படகு போகிறது. வளைவெல்லாம் வெண்ணெய். ரிவர்ஸ் எடுத்ததைப் பார்த்த மற்ற ஸ்கூல்காரர்கள் என்னிடம் வந்து கை கொடுத்தார்கள். பாஸ் ஆகி இறங்கியவரிடம், "எப்படிங்க இது?" என்று கேட்டேன். அவர் சங்கடத்தோடு சொன்னார். "தப்பா நினைக்காதீங்க சார். பல் குடையற மிஷினையும் நாங்க காலாலதான் அழுத்துவோம். யாராவது கத்தினா சீக்கிரம் முடிச்சு விட்டுடணும்னு கால் தானா அழுத்திடும், கண்ணாடியில பக்கமும் குழம்பிடும். இவர் கத்தவே இல்ல." ஆக, அந்த வேகமெல்லாம் என் தொண்டையிலிருந்து வந்த வேகம். இத்தனை வருஷ அனுபவத்துக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் யாராலும் கொடுக்க முடியாது.

இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. பல் டாக்டரும் என் மனைவியும் நெருங்கிய சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள். சொத்தைப் பல்லைச் சரி செய்ய அவள் தினமும் அங்கே போய் வருகிறாள், சந்தோஷமாகத் திரும்பி வருகிறாள். நானும் யாரையும் பார்த்து அலறுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். எடை கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது, நடந்து சரிசெய்துகொள்கிறேன். அதனால் என் ஒரே வேண்டுகோள்: என் நெஞ்சை உன் போனிலிருந்து அவிழ்த்துவிடு. கடிகாரத்தை இந்தக் கடிதத்தோடு பொதிந்து அனுப்புகிறேன், அத்தானுக்குக் கட்டு. இனி என் நெஞ்சு துடிப்பது எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் மட்டும் தெரிந்தால் போதும். உனக்கு என் மேல் உள்ள பாசத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நினைத்ததெல்லாம் கூடி நன்றாக இருக்க வேண்டும், தமிழ் கற்றுக்கொடுத்தவன் உட்பட.

என்றும் உன் பாசமுள்ள
தம்பி

பின்குறிப்பு: கடிகாரத்தை அனுப்பவில்லை. உறையை ஒட்ட வாசலுக்கு வந்தவன் மறுபடி உள்ளே ஓடி அதைக் கட்டிக்கொண்டுவிட்டேன். தெருமுனையில் பல் டாக்டரின் கார் திரும்பி வந்தது, ஓட்டியது என் மனைவி. பல் சரியாகி வெகுநாள் ஆகிறதாம், இத்தனை நாளும் நடந்தது இதுதானாம். ஏன் என்னிடம் கற்றுக்கொள்ளவில்லை என்று கேட்டால், "நீங்க கத்துவீங்க" என்கிறாள். எதிர்வீட்டு கேட்டை இடிக்காமல் நிறுத்தினாளா என்று கேட்காதே. அமைதி என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படி. போனிலிருந்து என்னை அவிழ்க்கவும் வேண்டாம், யாராவது ஒருவர் கவனித்துக்கொண்டிருப்பது நல்லது. லைசென்ஸ் கைக்கு வந்ததும் அவளே ஓட்டி வந்து உன்னை இங்கே அழைத்து வரப் போகிறாளாம், வேண்டாம் என்று சொன்னால் அண்ணிக்கு என் மேல் நம்பிக்கை இல்லையா என்று வருத்தப்படுவாள். நீ முன் சீட்டில் உட்கார். வாயைத் திறக்காதே. உனக்கும் ஒரு கடிகாரம் வாங்கிக் கட்டிக்கொள் அக்கா, இங்கே வந்து சேர்வதற்குள் நன்றாக இளைத்திருப்பாய்.