கெட்டிலில் கிண்டிய களி

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது நாலு, அக்கா விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறு பேரும் என் கைக் கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவர்கள். கல்வராயன் மலையில் பிறந்தவள் நான். என் களியில் ஒரு கட்டி இருக்காது. (கர்வந்தான், இருந்துட்டுப் போவட்டும்.) அந்தக் கர்வத்தோடுதான் ஒரு கம்பெனியின் கெட்டிலில் கை வைத்தேன்.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே, அட்டைப்பெட்டி ஒட்டுகிற வெள்ளைப் பசை செய்யும் சின்ன கம்பெனி அது. நான் டப்பாவுக்கு லேபிள் ஒட்டுவேன். சின்ன மருமகள் வசந்தாவுக்குக் கெட்டிலில் வேலை. கெட்டில் என்றால் ஆள் உயர எவர்சில்வர் அண்டா. உள்ளே மோட்டாரில் துடுப்பு சுற்றும்.

பசை ஒருநாள் கெட்டியாக வரும், ஒருநாள் தண்ணீராக ஓடும். முதலாளி அவளிடம், "எவ்ளோ சூட்டுல, எவ்ளோ வேகத்துல கலக்குனா ஒரே மாதிரி வருதுன்னு பாரும்மா. சரியா வந்துட்டா கெட்டில் உன் பொறுப்பு" என்றார். அவளும் ஒருநாள் சூட்டைக் கூட்டுவாள், ஒருநாள் துடுப்பின் வேகத்தைக் குறைப்பாள். வீட்டிலும் அதே நினைப்பு. அவள் கிண்டுகிற களி கட்டி தட்டிவிடும். நான் சும்மா இருப்பேனா?

"கம்பெனிக்குப் பதம் பாக்கறாளாம். வூட்டுக் களி உருண்ட உருண்டையா நிக்குது."

கடைசியில் அவளுக்குப் பதம் பிடிபட்டது. பசை வாங்குகிறவர் நேரில் பார்க்க வந்தார். வாசலில் வண்டி நின்றதும் வசந்தா, பசைக்கான பவுடர் மூட்டையை என்னிடம் தந்தாள்.

"அத்த, பச்சத் தண்ணியில கொஞ்சங் கொஞ்சமாத் தூவிக்கினே இருங்க. துடுப்பு சுத்தட்டும். சூட்டுல மட்டும் கை வெச்சிடாதீங்க."

"பச்சத் தண்ணியில போட்டா எப்படிடி வேகும்?"

"இது களி இல்லத்த!" என்று வந்தவரை அழைத்துவர ஓடினாள்.

எனக்கா தெரியாது? சூட்டை முழுசாகத் திறந்தேன். தண்ணீர் தளதளத்தது. துடுப்பை நிறுத்தினேன். மூட்டையை ஒரே கொட்டாகக் கொட்டி, கொஞ்ச நேரம் அப்படியே வேக விட்டேன். (மாவு வேகாம துடுப்பு போடுவாங்களா?) பிறகு மோட்டாரைப் போட்டேன். அது மாடு மாதிரி முனகிவிட்டு நின்றது. எட்டிப் பார்த்தால், வெளியே வழவழ, உள்ளே காய்ந்த மாவு. தேங்காய் தேங்காயாகக் கட்டி.

அந்த நேரம் பார்த்து முதலாளி, பசை வாங்குகிறவர், வசந்தா மூவரும் உள்ளே வந்தார்கள்.

"இன்னாம்மா இது?" என்றார் முதலாளி.

வசந்தா என்னை ஒருதரம் பார்த்தாள். "நாந்தாங்க. கவனிக்காம உட்டுட்டேன்" என்றாள்.

வருஷக்கணக்காக என்னிடம் வசவு வாங்கினவள் அவள். நான் முன்னால் வந்தேன். "அவ இல்லீங்க, நாந்தாங்க. களின்னு நெனச்சிக் கிண்டிட்டேங்க."

வந்தவர் கெட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். "கேவுரு களிங்களா?"

"ஆமாங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அந்தப் பொண்ணே மறுபடியும் போடட்டும். இருந்து பாத்துட்டே போறேன்."

கட்டிகளை நான்தான் வாரினேன். வசந்தா பச்சைத் தண்ணீரிலிருந்து ஆரம்பித்தாள். சாயங்காலம் பசை வெண்ணெய் உருகினாற்போல் இறங்கியது. கெட்டில் அவள் பொறுப்பானது.

மறுநாள் கெட்டிலைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். கம்பெனியில் எல்லோருக்கும் நான் ஆயா; அதனால் அதற்கு 'ஆயா கோடு' என்று பெயர். நான் வேலையை விட்ட பிறகும், ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அதற்குப் புதுசாகப் பெயின்ட் அடிக்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பாடமே, "ஆயா கோட்டத் தாண்டாத."

வசந்தா களியில் இன்னும் கட்டி இருக்கிறது. நான் வாயைத் திறப்பதில்லை. சாப்பிடும்போது என் வாய் கொஞ்சம் நின்றாலும் போதும், "இன்னாத்த, சூடு ஜாஸ்தியாப் பூடுச்சா?" என்பாள். வீடே சிரிக்கும்.

ஆயா சொல்லச் சொல்ல நீ எழுதினது போதும் தேன்மொழி. உங்கம்மா வசந்தா டூட்டி முடிஞ்சி வர்றதுக்குள்ள முதல்ல இருந்து படி, கேக்கறேன். இன்னாடி இளிக்கிற? சிரிக்காமப் படி.