மூன்று நாள் ஓய்வு

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இசக்கிப்பாண்டி பாயில் மல்லாந்து கிடந்தான். கால்கள் இரண்டும் சுவரில் ஏறி நின்றன.

திருவனந்தபுரத்தில் தம்பானூர் லாட்ஜுகளுக்குப் பின்னால் உள்ள அந்த வரிசை வீடுகளில் ஒரு ஆம்பளை பகலில் படுத்திருந்தால் குடித்திருக்க வேண்டும், இல்லை பெரிய வியாதி வந்திருக்க வேண்டும். இசக்கிப்பாண்டி குடிப்பதில்லை.

அவன் ஒரு கிளப்பில் நீச்சல்குளம் கழுவுகிறவன். பதினோரு வருஷமாகத் தற்காலிகம். ஞாயிற்றுக்கிழமை கோவளத்தில் பந்தயம். கடலில் இரண்டு கிலோமீட்டர் நீச்சல், அப்புறம் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம். முடித்துவிட்டால் லைஃப்கார்டு வேலை நிரந்தரம் என்று மேனேஜர் ஸ்ரீகண்டன் வாக்குக் கொடுத்திருந்தார். எட்டு மாதம் பொன்முடி மலை வளைவுகளில் சைக்கிள் மிதித்தாயிற்று. கடைசி மூன்று நாள் வேலைக்குப் போகாமல் சோறு தின்று படுத்திருக்க வேண்டும் என்பது கோச் அபிஜித்தின் கட்டளை.

வரிசையில் யாருக்கும் பந்தய விஷயம் தெரியாது. முடிக்காமல் திரும்பினால் ஒரு வருஷத்துக்குச் சிரிப்பார்கள்.

பக்கத்து வீட்டுச் சரசம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"எந்து பற்றி, என்னாச்சு மாடம்மா? பாண்டியண்ணன் படுத்திருக்கே?"

"சும்மாதான்க்கா," என்றாள் அவன் மனைவி மாடம்மாள்.

"சும்மாவோ?" சரசம்மா நகரவில்லை. சும்மா படுத்த மனிதரை அவள் கண்டதில்லை.

"லேசாக் காய்ச்சல்."

அரை மணியில் கஞ்சி வந்தது, சரசம்மாவும் வந்தாள். இசக்கிப்பாண்டி அப்போது மலைபோல் குவித்த சோற்றில் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தான்.

"அய்யோ, காய்ச்சலுக்கு மீனோ?"

"டாக்டர் சொன்னாருக்கா," மாடம்மாள் சமாளித்தாள். "கேட்டதெல்லாம் குடுங்கன்னுட்டாரு."

சரசம்மாவின் முகம் மாறியது. அவள் புருஷனுக்கும் டாக்டர் கடைசியாக அதைத்தான் சொன்னார்.

"எத்தனை நாள் சொன்னாரு?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான்."

சரசம்மா மாடம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை வரிசையே திரண்டு வந்தது. ஆரஞ்சு வந்தது, விபூதி வந்தது. ஆறு மாதமாகப் பேசாத தங்கபாண்டி வந்து, தண்ணீர்க்குழாய்ச் சண்டையில் தப்பு தன்மேல்தான் என்றான். கேட்கச் சுகமாக இருந்தது. ஆனாலும் இசக்கிப்பாண்டி, "எனக்கு ஒண்ணுமில்லப்பா," என்றான்.

"என்னா தைரியம்!" என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

கூட்டம் போனதும் மாடம்மாள் சொன்னாள்: "பேசாம பந்தயம்னு சொல்லிருவமா?"

"இப்பச் சொன்னா அடிப்பாங்க. ஆரஞ்செல்லாம் தின்னாச்சு."

சனிக்கிழமை காலை அவன் கோச் சொன்னபடி நெஞ்சு முடியை மழித்துக்கொண்டிருந்தான். நீந்தும்போது தண்ணீர் வழுக்கிப் போகுமாம். சுமைதூக்குவோர் யூனியன் தலைவர் வேலாயுதன் உள்ளே வந்தார். மழித்த நெஞ்சைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் எதற்கு மழிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"ஹார்ட்டோ?"

"அண்ணாச்சி, அது வந்து..."

"மிண்டாதே, பேசக் கூடாது. ஞான் பார்த்துக்கறேன்."

சாயங்காலம் பந்தயப் பையைக் கட்டி வைத்துவிட்டு இசக்கிப்பாண்டி நிமிரும்போது வேலாயுதன் திரும்பி வந்தார். கையில் கிளப் முத்திரை குத்திய காகிதம்.

"நாப்பது பேர் போயி கேட் முன்னால இருந்தோம். மேனேஜர் என்னமோ பந்தயம், பந்தயம்னு உளறினான். ஒரு மனுஷன் நெஞ்சு போயிக் கிடக்கான், உனக்குப் பந்தயமோடான்னு ஒரு சத்தம் போட்டேன். விறைச்சுப் போயி இந்தக் காகிதத்துல ஒப்பு வச்சான். நீ பெர்மனன்ட்!"

மாடம்மாள் காகிதத்தை வாங்கிப் படித்தாள். மூன்று நாளில் முதல்முறையாக நிஜமாகவே அழுதாள்.

"லைஃப்கார்டு வேலையா அண்ணாச்சி?" இசக்கிப்பாண்டி காகிதத்தை எட்டிப் பார்த்தான்.

"உன் நெஞ்சுக்கு லைஃப்கார்டோ? கேட்டுல கசேர போட்டு உக்காரற டூட்டி," வேலாயுதன் அவன் தோளைத் தட்டினார். "ஒரே ஒரு கண்டிஷன், கேட்டுக்கோ, நாளை முதல் நீ நீந்தறதோ சைக்கிள் சவிட்டறதோ ஓடறதோ யார் கண்ணுல பட்டாலும் அந்த நிமிஷம் வேல போகும்."